நான்கும் ஆறும்: லூயீஸ் லாபேயின் மூன்று சானெட்டுகளுக்கு மெட்டமைத்த பதிவு

முதல் ஒத்திகையில் ஐந்தாவது அடி முடிந்ததும் பாடகி கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். “இந்தப் பாட்டில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்?” என்று கேட்டார். கேள்வி எனக்கு உடனே பிடிபடவில்லை. எரிகிறேன் என்ற சொல் வந்ததும் வயலின்கள் நடுங்குகின்றன, மூழ்குகிறேன் என்றதும் செல்லோ அடியாழத்துக்கு இறங்குகிறது, சிரிக்கிறேன் என்றதும் வில் துள்ளுகிறது, அழுகிறேன் என்றதும் நால்வரும் அரைச்சுரம் அரைச்சுரமாகச் சரிகிறார்கள். கவிதையில் பேசுபவள் ஒருத்திதான், ஆனால் இந்த இசையில் நான்கு பேர் மாறி மாறி வந்து போகிறார்கள் என்று அவர் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னது முழுக்கச் சரி. நான்கு மாதங்கள் உழைத்து எழுதிய எண்பத்தெட்டு பார்களையும் (மேற்கத்திய இசையின் தாளக் கட்டங்கள்) அன்றிரவே ஒதுக்கிவைத்துவிட்டுக் கவிதையை மறுபடியும் முதல் அடியிலிருந்து படிக்கத் தொடங்கினேன். அதற்குப் பிறகு செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் லியோன் நகரில் வசிக்கிறேன், வயோலா வாசிக்கிறேன். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று ஞாயிறுதோறும் கூடும் எங்கள் நால்வர் குழுவுக்கு மெட்ஸோ சோப்ரானோ எனப்படும் நடுத்தர உயரப் பெண்குரல் கொண்ட ஒரு பாடகி கிடைத்தபோது, இந்த ஊரிலேயே பிறந்த பாடல்களை இந்த ஊரிலேயே இசையமைத்துப் பாட வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது. லூயீஸ் லாபே பதினாறாம் நூற்றாண்டில் லியோனில் வாழ்ந்தவர். கயிறு திரிக்கும் தொழிலில் இருந்தவரின் மகள், அதே தொழில் செய்தவரின் மனைவி என்பதால் ‘அழகிய கயிற்றுக்காரி’ என்ற பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது; பழைய மருத்துவமனையான ஓத்தெல்-தியூவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தெரு இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய நூல் 1555-இல் இதே ஊரில் ழான் த தூர்ன் என்ற அச்சகர் வழியாக வெளிவந்தது. அதில் ஓர் உரைநடை உரையாடலும் மூன்று இரங்கற்பாக்களும், பதினான்கு அடிகள் கொண்ட சானெட் என்ற வகைக் கவிதைகள் இருபத்து நான்கும் இருக்கின்றன. முதல் சானெட் இத்தாலிய மொழியில் உள்ளது, மற்றவை பிரெஞ்சு. இவற்றை எழுதியது அவர்தானா என்ற ஐயத்தை 2006-இல் மிரேய் உய்ஷோன் என்ற ஆய்வாளர் எழுப்பி, அதன் மேல் நீண்ட விவாதம் நடந்தது. இசையமைக்க உட்கார்ந்தவனுக்கு அந்த விவாதம் பெரிதாகத் தடையாகவில்லை. பக்கத்தில் இருக்கும் குரல் ஒரு பெண்ணின் குரல், அது ஒரே குரல். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

எட்டாவது, பன்னிரண்டாவது, பதினான்காவது சானெட்டுகளை எடுத்துக்கொண்டேன். முக்கால்வாசிக் காலத்தை எட்டாவதே தின்றது. அதன் பொருளைத் தமிழில் சுருங்கச் சொன்னால் இப்படி வரும்: வாழ்கிறேன், சாகிறேன், எரிகிறேன், மூழ்குகிறேன். குளிரில் விறைத்துக்கொண்டே கொதிக்கிறேன். வாழ்க்கை எனக்கு மிகவும் மெத்தென்று இருக்கிறது, மிகவும் கடினமாகவும் இருக்கிறது. சிரிக்கிற கணத்திலேயே அழுகிறேன். காய்கிற கணத்திலேயே துளிர்க்கிறேன். காதல் என்னை இப்படி நிலையில்லாமல் இழுத்துக்கொண்டு போகிறது. வலி உச்சம் என்று நினைக்கும்போது வலியே இல்லை, இன்பம் உறுதி என்று நம்பும்போது அது என்னைப் பழைய துன்பத்திலேயே கொண்டுபோய் வைத்துவிடுகிறது. அவருக்கு இருநூறு ஆண்டுகள் முன்னால் வாழ்ந்த இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், ‘அமைதியும் இல்லை, போரிடக் கருவியும் இல்லை’ என்று தொடங்கும் சானெட்டில் கையாண்ட முறைதான் இது. ஐரோப்பா முழுவதும் கவிஞர்கள் அந்த முறையைப் பின்பற்றினார்கள். எனவே முரண்களை அடுக்குவது லாபேயின் புதுமை அல்ல, அவற்றுக்கு ஒவ்வொன்றாகப் படம் வரைந்துகொண்டு போனதில் நான் கவிதையின் மிகப் பொதுவான பகுதியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கே உரியது எது என்று தேடியபோது, பொருளை விட்டுவிட்டு அசைகளை எண்ணத் தொடங்கினேன். ஒவ்வோர் அடியிலும் பத்து அசை; நான்காவது அசைக்குப் பிறகு ஒரு வெட்டு; அதற்குப் பின் ஆறு அசை. முதல் அடி ‘ழெ வீ, ழெ மெர்’ என்று நான்கு அசையில் நிற்கிறது. 1555 பதிப்பில் அந்த இடத்தில் ஒரு முக்காற்புள்ளி இருக்கிறது. இந்த வெட்டை நான் முதல் வடிவத்தில் கவனிக்கவே இல்லை. நான்காம் அசையை ஐந்தாம் அசையோடு ஒரே வில்லில் கட்டி, அழகாக நீளும் ஒரு வரியாக எழுதியிருந்தேன். அதைவிடப் பெரிய பிழை, முதல் அசையைப் பாரின் முதல் தட்டில் வைத்தது. அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது எனக்குத் தெளிவானது இதுதான்: தமிழ்ச் செய்யுளைக் கேட்டுப் பழகிய காது அடியின் தொடக்கத்தில் கட்டைத் தேடுகிறது. மோனை முதலெழுத்தில் வருகிறது, எதுகை இரண்டாம் எழுத்தில் வருகிறது. அடி எடுத்த எடுப்பிலேயே நமக்குப் பிடி கிடைத்துவிடுகிறது. பிரெஞ்சில் அழுத்தம் சொற்குழுவின் கடைசி அசையில் விழுகிறது, அடிகளைப் பிணைப்பதும் இறுதியில் வரும் இயைபுதான். ஆகவே தாளத்தின் கனமான தட்டு நான்காம் அசைக்கும் பத்தாம் அசைக்கும் சேர வேண்டியது. அவற்றுக்கு முன்னால் உள்ள அசைகள் எல்லாம் தட்டை நோக்கி நடந்து வருபவை. நம் சங்கீதத்தில் தாளத்துக்கு முன்பே பாட்டு தொடங்குவதை அதீத எடுப்பு என்போம். இந்த மொழியில் ஒவ்வோர் அடியுமே ஓர் அதீத எடுப்புதான்.

பார்க்கோடுகளை எல்லாம் அழித்து, மூன்று அசைகளை முன்னே விட்டு, நான்காம் அசையைத் தட்டில் வைத்து எழுதினேன். ‘மெர்’ தட்டில் விழுந்தது. உடனே அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி தானாகவே உண்டானது. அந்த இடைவெளியில் குரல் மூச்சு வாங்குகிறது. தந்திகள் மூச்சு வாங்கத் தேவையில்லை. இங்கேதான் குரலுக்கும் தந்திகளுக்கும் உள்ள உறவு எனக்குப் புரியத் தொடங்கியது. குரல் நின்ற இடத்தில் தந்திகளும் நின்றால் வெட்டு வெறும் ஓட்டையாகிவிடுகிறது, தந்திகள் புதிதாக எதையாவது சொல்லத் தொடங்கினால் வெட்டு மறைந்துவிடுகிறது. நால்வரில் ஒருவர் மட்டும், எந்த அசைவும் இல்லாமல், குரல் விட்டுப்போன சுரத்தையே கார்வையாகப் பிடித்துக்கொண்டிருந்தால் வெட்டு வெட்டாகவே காதில் விழுகிறது. எட்டு அடிகளில் இதைப் பிடிக்கும் கருவியை மாற்றிக்கொண்டே போனேன். முதல் அடியில் இரண்டாம் வயலின், ஏழாம் அடியில் செல்லோ.

அடுத்தது ஊமை எகரம். பிரெஞ்சுப் பேச்சில் சொல்லின் கடைசியில் எழுதப்படும் எகரம் பெரும்பாலும் ஒலிப்பதில்லை; செய்யுளில் அதற்குக் கணக்கு உண்டு. அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால் அது ஓர் அசையாக ஒலிக்கும். உயிரில் தொடங்கினால் மறைந்துவிடும். அடியின் கடைசியில் வந்தால் எண்ணிக்கையில் சேராமல் பதினொன்றாவது அசையாகத் தேய்ந்து ஒலிக்கும். நம் குற்றியலுகரத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. ஒரு மாத்திரை ஒலிக்க வேண்டிய உகரம் அரை மாத்திரையாகக் குறுகுகிறது, உயிர் வந்தால் ‘நாடு’ ‘இல்லை’யோடு சேர்ந்து ‘நாடில்லை’ ஆகிவிடுகிறது. பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட பாடகிக்கு நான் சொல்லிக்கொடுக்க எதுவும் இருக்காது என்றுதான் நினைத்தேன். ஆனால் மூன்றாம் அடியில் நாங்கள் இருவருமே தடுமாறினோம். ‘வாழ்க்கை எனக்கு’ என்று பொருள்படும் ‘லா வீ மே’ என்ற தொடரை இன்றைய வழக்கில் சொன்னால் மூன்று அசைதான் வருகிறது, வெட்டுக்கு முன் நான்கு வேண்டும். நான் எழுதிய மெட்டில் ஒரு சுரம் சொல் இல்லாமல் மிஞ்சியது. அச்சுப்பிழை என்று நினைத்து அதை நீக்கச் சொன்னேன். அன்று மாலை ஆறாம் அடியை எண்ணிப் பார்த்தபோது அங்கே இதற்கு நேர்மாறான சிக்கல் இருந்தது. இன்று இரண்டாகப் பிரித்து ஒலிக்கும் ‘கிரியெஃப்’ என்ற சொல்லை ஓர் அசையாக எடுத்தால்தான் ஆறு சரியாக வந்தது. அப்போதுதான் ‘வீ’ என்ற சொல்லின் கடைசி எகரத்தை அந்தக் காலத்தில் தனி அசையாக ஒலித்தார்கள் என்பது பிடிபட்டது: ‘லா வீ-எ மே’, நான்கு. நீக்கிய சுரத்தைத் திரும்பச் சேர்த்தோம். வாழ்க்கை என்ற சொல் இரண்டு சுரங்களுக்கு நீண்டது. மெத்தென்றது, கடினமானது என்ற இரண்டு பண்புகளையும் தாங்க வேண்டிய சொல் அப்படி நீளுவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இதற்குப் பிறகு வந்ததைத்தான் இந்த வேலை முழுவதிலும் எனக்குக் கிடைத்த பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்வேன். ஊமை எகரத்தில் முடியும் இயைபைப் பிரெஞ்சுக்காரர்கள் பெண் இயைபு என்பார்கள். அழுத்த அசையிலேயே முடிவதை ஆண் இயைபு என்பார்கள். எட்டாம் சானெட்டின் இயைபுச் சொற்களை ஒரு தாளில் கீழ்க்கீழாக எழுதினேன். முதல் எட்டு அடிகளிலும் ஒன்றுகூட ஆண் இயைபு இல்லை. எட்டும் தேய்ந்து முடிகின்றன. ஒன்பதாவதும் அப்படியே. பத்தாவது அடியில்தான் முதல்முறையாக ஒரு சொல் காலை ஊன்றி நிற்கிறது, அந்தச் சொல் ‘துலெர்’, அதாவது வலி. மறுபடியும் இரண்டு அடிகள் தேய்கின்றன. பிறகு கடைசி இரண்டும் ஊன்றி முடிகின்றன: ‘எர்’ என்றால் நற்பேறு, ‘மலெர்’ என்றால் துன்பம். நிலையில்லாமையைப் பற்றிப் பேசும் கவிதையில் நிலையாக முடியும் சொற்கள் மூன்றே மூன்று, அவற்றில் இரண்டு வலியும் துன்பமும். எரிவதற்கும் மூழ்குவதற்கும் நான் வரைந்த படங்கள் ஒன்றும் இதற்கு ஈடாகவில்லை. கவிதை தன் இசையைத் தன் அடியிறுதிகளிலேயே எழுதிவைத்திருந்தது.

இது என் கற்பனையா என்று எனக்கே ஐயம் வந்தது. அந்தக் காலத்து இசைக்காரர்கள் இதைப் பொருட்படுத்தினார்களா என்று பார்த்தேன். லாபேயின் நூலுக்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1552-இல், பிரெஞ்சுக் கவிஞர் பியேர் த ரொன்சார் தம் காதல் சானெட்டுகளை வெளியிட்டபோது அதன் பின்னிணைப்பாக செர்த்தோன், கூதிமெல், ழானெகென், முய்ரே ஆகியோர் அமைத்த நான்கு குரல் இசை அச்சானது. ஒவ்வொரு மெட்டுக்கும் எந்தெந்தச் சானெட்டுகளை அதில் பாடலாம் என்ற பட்டியலும் உடன் வந்தது. ஆண், பெண் இயைபுகள் ஒரே ஒழுங்கில் அமைந்த சானெட்டுகள் ஒரே மெட்டுக்குப் பொருந்தும் என்பதே அதன் அடிப்படை. பொருள் எதுவாக இருந்தாலும், அடி எப்படி முடிகிறது என்பதே மெட்டைத் தீர்மானித்தது. அந்தப் பட்டியலைப் பற்றிப் படித்த பிறகு எனக்குத் துணிவு வந்தது.

ஆகவே இரண்டாம் வடிவத்துக்கு ஒரே ஒரு கட்டுப்பாட்டை விதித்துக்கொண்டேன்: ‘துலெர்’ வரும் வரை கேடன்ஸ் எனப்படும் முழு முடிப்பு எங்கும் வரக்கூடாது. பாட்டு ஏ, ஈ என்ற இரண்டு சுரங்களோடு, மூன்றாம் சுரம் இல்லாமல், வயோலாவிலும் செல்லோவிலும் வெறுமையாகத் தொடங்குகிறது. மூன்றாம் சுரம் இல்லாததால் அது மேஜரா மைனரா என்று தெரியாது. ஒன்பது அடிகளும் அந்த ஐயத்தைச் சுற்றியே நகர்கின்றன; பத்தாம் அடியின் கடைசி அசையில் டி மைனருக்கு முழு முடிப்பு விழுகிறது. ஒத்திகையில் அந்த இடம் வந்தபோது செல்லோ வாசிப்பவர் வாசித்துக்கொண்டே தலையை அசைத்தார். காரணத்தை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. கடைசி அடியில் காதல் அவளைப் ‘பழைய இடத்திலேயே வைக்கிறது’ என்பதால் முதல் பாரில் இருந்த அதே ஏ, ஈ திரும்புகிறது. ‘எர்’ என்ற அசையைப் பாடகியின் மேல் ஸ்தாயி ஈயில் வைத்தேன். ‘மலெர்’ என்ற சொல்லுக்குள் அதே ‘எர்’ ஒளிந்திருப்பதால், அந்த அசையை ஒரு ஸ்தாயி கீழே அதே ஈயில் வைத்தேன். நற்பேறு இறங்கித் துன்பத்தின் வாலாகிவிடுகிறது. இதை யாருக்கும் விளக்காமலே கேட்பவர்களுக்குப் போய்ச் சேரும் என்று நம்புகிறேன்.

மூன்றாம் அடியும் ஏழாம் அடியும் ‘தியூர்’ என்ற ஒரே ஒலியில் முடிகின்றன. முதலாவது ‘கடினமானது’ என்ற பெயரடை, இரண்டாவது ‘நீடிக்கிறது’ என்ற வினை. இதைச் சோம்பலான இயைபு என்று எண்ணுபவர்களும் இருக்கலாம். மடக்கணியில் வளர்ந்த நமக்கு அப்படித் தோன்றாது. ஒரே எழுத்துகள் திரும்ப வந்து வேறு பொருள் தருவதை நாம் அணி என்றே எண்ணுகிறோம். மெட்டிலும் அதையே செய்தேன். இரண்டு இடத்திலும் குரல் பி பிளாட்டிலிருந்து ஏக்கு இறங்குகிறது, சுரம், நீளம் எதுவும் மாறவில்லை. முதல் முறை அந்த ஏக்கு அடியில் வெறும் ஈ. நால்வரும் வைப்ராட்டோ எனப்படும் சுர அசைவு இல்லாமல் வாசிக்கிறோம். ஒலி கட்டாந்தரைபோல் இருக்கும். இரண்டாம் முறை செல்லோ எஃப்க்கு நகர்கிறது, அதே ஏ எஃப் மேஜரின் நடுச்சுரமாகிவிடுகிறது. குரல் நின்ற பிறகும் முதல் வயலின் அந்த ஏயை இரண்டு பார்களுக்கு விடாமல் பிடித்திருக்கிறது. நீடிக்கிறது என்ற சொல்லுக்கு வேறு என்ன செய்ய?

தேய்ந்து முடியும் அசைகளை எப்படி வாசிப்பது என்பதற்கு விடை முதல் வயலின்காரரிடமிருந்து வந்தது. என் தாளில் பத்தாம் அசையையும் பதினொன்றாம் அசையையும் ஒரே வில்லில் கட்டியிருந்தேன். அவர் அதைப் பிரித்து, அழுத்த அசைக்கு டவுன் போ (வில்லைக் கீழ்நோக்கி இழுப்பது), தேயும் அசைக்கு அப் போ (மேல்நோக்கித் தள்ளுவது) என்று பென்சிலால் குறித்தார். அதோடு அப் போ இயல்பாகவே டவுன் போவைவிட மென்மையாகத் தொடங்குவதால் யாரும் முயலாமலேயே ஒலி மெலிந்துவிடும் என்றார். வாசித்துப் பார்த்தோம். எட்டு அடிகளின் கடைசியிலும் எட்டுமுறை நால்வரின் வில்லும் ஒன்றாகத் தரையிலிருந்து எழுவதுபோல் இருந்தது. ‘துலெர்’ வந்தபோது மட்டும் வில் கீழே போய் அங்கேயே நின்றது. பார்ப்பவர்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

குரலும் தந்திகளும் ஒன்றையொன்று மறைக்காமல் இருப்பதற்கு இன்னொரு திருத்தம் தேவைப்பட்டது. மெட்ஸோவின் சொற்கள் தெளிவாக விழும் பகுதி நடு ஸ்தாயி எஃப்பிலிருந்து அதற்கு மேல் உள்ள சி வரை என்று வைத்துக்கொண்டால், அதே இடத்தில்தான் வயோலாவின் மேல் தந்தியும் இரண்டாம் வயலினின் நடுத்தந்திகளும் ஒலிக்கின்றன. நான் வயோலாக்காரன் என்பதால் எனக்குப் பிடித்த சுரங்களை எல்லாம் எனக்கே எழுதிக்கொண்டிருந்தேன். விளைவாகப் பாடகியின் மெய்யெழுத்துகளை என் கருவிதான் விழுங்கிக்கொண்டிருந்தது. வயோலாவைக் கீழ் இரண்டு தந்திகளுக்கு இறக்கி, இரண்டாம் வயலினைக் குரலுக்கு மேலே ஏற்றி, நடுவில் ஒரு வாசலைத் திறந்துவிட்டேன். பழைய ஆங்கில இசையமைப்பாளர் வில்லியம் பேர்ட் ஒரு குரலுக்கும், வயோல் எனப்படும் பழைய வில் கருவிகள் நான்குக்கும் எழுதிய பாடல்களில் குரல் எப்போதும் தன் பாதையில் தனியாக நடக்கும். வயோல்கள் முன்பே தொடங்கி, அடிகளுக்கு நடுவே பேசி, குரல் வந்ததும் ஒதுங்கிக்கொள்ளும். அவற்றை 1588-இல் அச்சிட்டபோது வயோல் பகுதிகளுக்கும் சொற்களைச் சேர்த்தார்கள். ஆனாலும் எது முதலில் குரலுக்கென்று எழுதப்பட்டது என்ற குறிப்பை விடாமல் அச்சிட்டார்கள். பேர்டின் மெட்டுகள் எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒதுங்கிக்கொள்ளும் அந்தப் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் சானெட் ஒப்பளவில் எளிதாக முடிந்தது. அதில் அவள் விரலால் மீட்டும் பழைய தந்திக்கருவியான தன் லூட்டை அழைத்துப் பேசுகிறாள்: என் துயரத்தின் துணையே, என் அழுகை உன்னை எவ்வளவு வாட்டிவிட்டதென்றால், நான் இனிய ஒலி ஒன்றைத் தொடங்கினாலும் நீ அதைச் சட்டென்று புலம்பலாக்கிவிடுகிறாய் என்கிறாள். தந்திக் கருவிகள் கையில் இருக்கும்போது லூட்டைப்போல மீட்டிக் காட்டும் ஆசை எவருக்கும் வரும். முழுப் பாட்டையும் பிட்ஸிகாட்டோவில் எழுதிப் பார்த்தேன், நாற்பது நொடிகளுக்குள் சலித்துவிட்டது. விரலால் மீட்டிய வயலின் ஒலி லூட்டைப்போல மிஞ்சி நிற்காமல் உடனே இறந்துவிடுகிறது. ‘லூட்’ என்ற முதல் சொல்லுக்கு மட்டும் செல்லோவின் ஒரே ஒரு மீட்டலை வைத்துக்கொண்டு மற்றதை வில்லுக்கே கொடுத்தேன். புலம்பலாக்குவதைக் குறிக்க அவள் ஆளும் வினைச்சொல் ‘பாசாங்கு செய்தல்’ என்று பொருள்படும். அந்தக் காலத்து இசைக்காரர்கள் சுரத்தை அரைப்படி மாற்றுவதற்கும் அதே சொல்லைப் பயன்படுத்தினார்கள். எனவே கவிதையே கட்டளை கொடுத்துவிட்டது: ஏ மேஜரில் தொடங்கும் வரியில், அந்தச் சொல் வரும் இடத்தில், வயோலாவின் சி ஷார்ப் சியாக இறங்குகிறது. மற்ற மூவரும் அசைவதில்லை. ஒரு விரல் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் பின்னால் நகர்கிறது, அவ்வளவுதான். பாட்டு முழுவதும் இருண்டுவிடுகிறது.

பதினான்காவது சானெட்டில் எனக்கு நேர்ந்த சிக்கல் கைவேலை சார்ந்தது. என் கண்களால் கண்ணீர் சிந்த முடிகிறவரை, விம்மலைத் தாண்டி என் குரல் எழ முடிகிறவரை, உன்னைப் பாட என் கையால் லூட்டின் தந்திகளை இழுத்துக்கட்ட முடிகிறவரை நான் சாக விரும்பவில்லை என்கிறாள். பிறகு அதே வரிசையில் ஒவ்வொன்றாக இழக்கிறாள்: கண் வறளும்போது, குரல் உடையும்போது, கை வலுவிழக்கும்போது, என் மிகத் தெளிந்த பகலைக் கறுக்கச் செய் என்று சாவை வேண்டுவேன் என்கிறாள். தந்தி என்பதற்கும் கயிறு என்பதற்கும் அந்த மொழியில் ஒரே சொல்தான் என்பதை நினைக்கும்போது, கயிறு திரிக்கும் வீட்டில் வாழ்ந்தவள் தந்தியை இழுத்துக்கட்டுவதைப் பற்றி எழுதிய அந்த அடி எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சை அடைக்கிறது.

குரல் உடையும் இடத்தில் பாடகி வைப்ராட்டோவை நீக்கி, பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் உள்ள ஒரு மெல்லிய ஒலியில் பாடினார். அதை அவரே தேர்ந்தெடுத்தார். கை வலுவிழக்கும் இடத்துக்கு நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். வயோலாவின் கீழ்த் தந்தியை வில்லால் இழுத்துக்கொண்டே, இடக்கையால் முறுக்காணியைத் தளர்த்தினால், சுரம் கண்ணெதிரே தொய்ந்து விழும் அல்லவா? வீட்டில் இரண்டு முறை அருமையாக வந்தது. குளிர்காலத்தில், வெப்பமூட்டி ஓடும் ஒத்திகை அறையில், காற்று காய்ந்து மரம் சுருங்கியிருந்ததால் முறுக்காணி பிடி விட்டுச் சட்டென்று நழுவியது. தந்தி பாலத்தின் மேல் தொளதொளவென்று கிடந்தது. முறுக்காணிக்குப் பசை தடவி, சுண்ணக்கட்டி தேய்த்து, இன்னும் இரண்டு வாரம் முயன்றேன். ஐந்து முறைக்கு மூன்று முறைதான் வந்தது. அதோடு, சரியாக வந்த முறைகளிலும் எல்லாருடைய கண்ணும் என் கையின் மேல்தான் இருந்தது, பாடகியின் மேல் இல்லை. அதைக் கைவிட்டேன்.

மாற்று வழி கவிதையின் சொல்லிலேயே இருந்தது. வலுவிழந்த கை எதையும் செய்யாது. தந்தியை அழுத்தாது, வைப்ராட்டோ கொடுக்காது. எனவே அந்த இடத்தில் வயோலாவின் சி தந்தியில் டியை விரலால் அழுத்தி வாசித்துக்கொண்டிருக்கும் நான், விரலை எடுத்துவிடுகிறேன். திறந்த சி ஒலிக்கிறது. அந்தச் சுரத்துக்கு இடக்கை தேவையே இல்லை என்பதால் கையை இறக்கி மடியில் வைத்துக்கொள்கிறேன். செல்லோ அதற்கு முன்பே நின்றுவிட்டது. இரண்டாம் வயலின் ‘கண்’ என்ற சொல்லோடும் முதல் வயலின் ‘குரல்’ என்ற சொல்லோடும் நின்றுவிட்டன. சாவை வேண்டும் கடைசி அடியைப் பாடகி அந்த ஒரே திறந்த தந்தியின் மேல் பாடுகிறார். வெறும் தந்தியின் ஒலியில் கை சேர்க்கும் எந்த மென்மையும் இல்லை. அழுத்திய சுரத்துக்கும் திறந்த சுரத்துக்கும் உள்ள அந்த வேறுபாட்டைத் தந்திக்கருவி வாசிப்பவர்கள் வழக்கமாக மறைக்கத்தான் பார்ப்போம். இங்கே அதுதான் வேண்டியிருந்தது.

ஏப்ரலில் அறுபது பேர் அமரக்கூடிய ஒரு சிறிய கூடத்தில் மூன்று பாடல்களையும் பாடினோம். மொத்தம் பதின்மூன்று நிமிடம். எட்டாம் சானெட்டின் ‘எர்’ அன்றும் முழுமையாகத் திறக்கவில்லை. அதற்கு முந்தைய சொல் அதே போன்ற உயிரில் முடிவதால் இரண்டு உயிர்களும் மேல் ஸ்தாயியில் ஒட்டிக்கொள்கின்றன. நடுவில் ஒரு கால்தட்டு இடைவெளி சேர்த்து அதை இப்போது திருத்தியிருக்கிறேன். பதினான்காவதின் கடைசிச் சுரத்தை ஆறு தட்டு என்று எழுதியிருந்தேன். அன்று ஆறு தட்டு முடிந்தபோது பாடகியின் கடைசி அசை கூடத்தில் இன்னும் தேய்ந்து தீரவில்லை. நான் வில்லை நிறுத்தாமல் நுனிவரை இழுத்தேன். நுனிக்கு வந்ததும் ஒலி இருக்கிறதா இல்லையா என்பது எனக்கே தெரியவில்லை, தந்தி நடுங்குவது மட்டும் மோவாயில் தெரிந்தது. ஸ்கோரில் இப்போது அந்தச் சுரத்துக்கு மேல் தட்டு எண்ணிக்கை எதுவும் இல்லை. வில் தீரும் வரை என்று மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.